எழுந்து நின்ற காலடிகள்

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் என் அத்தான் ஒனோரேயைப் பற்றிக் கேளுங்கள், முதலில் அந்தக் குறுக்குக் கொம்புகளைத்தான் சொல்வார்கள். ஜூலை மாதம், பனி என்ற பேச்சே இல்லாத வெயில் நாளில், மர்மோட் பள்ளத்துக்குள் பாதை இறங்குகிற முனையில் இரண்டு லார்ச் கிளைகளை வெட்டிப் பெருக்கல் குறி மாதிரி போட்டுவைப்பார். மலை நடக்க வருகிறவர்கள் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். மறுநாள் பார்த்தால் திரும்பவும் கிடக்கும். "கிழவனுக்கு மறை கழண்டுபோச்சு" என்று ஊர்த் தலைவரே சொல்லிச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். ஊர் சிரிக்கும்போது முதல் ஆளாக நிற்பவள் நான். என் வாய் இந்தப் பள்ளத்தாக்குக்கே தெரியும்.

குளிர்காலத்தில் அப்படிப் போடுவதற்கு அர்த்தம் உண்டு. புதுப்பனியில் ஒருவர் நடந்து தடம் போட்டுவிட்டு, அது மற்றவர்கள் போகக்கூடாத வழி என்றால், அந்தத் தடத்தின் வாயில் இரண்டு கொம்புகளைக் குறுக்கே போட்டு அடைத்துவிட்டு வர வேண்டும். ஏனென்றால் பின்னால் வருகிறவர்கள் வழி காட்ட நட்ட கழியையும் பார்க்க மாட்டார்கள், வரைபடத்தையும் பார்க்க மாட்டார்கள். முன்னால் போனவன் காலைத்தான் பார்ப்பார்கள். தடத்தை அடைக்காமல் வந்தவனோடு எங்கள் ஊரில் யாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடிக்க மாட்டார்கள். ஆனால் பூவும் புல்லுமாகக் கிடக்கிற கோடையில் எந்தத் தடத்தை அடைக்கிறார் இந்த மனுஷர்?

நான் மிரேய். ஷால்ப் ஊருக்கு மேலே, மரங்கள் முடிகிற இடத்துக்கும் மேலே, மலையேறுகிறவர்கள் தங்கும் குடிலை இருபத்தெட்டு வருஷமாக நடத்துகிறேன். பதினெட்டுப் படுக்கை, ஒரு நீள மேசை, ஒரு அடுப்பு. கோடையில் ஊரிலிருந்து மர்மோட் பள்ளம் வழியாக ஏற ஒன்றேகால் மணி நேரம், இறங்க முக்கால். குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தில் யாரும் கால் வைப்பதில்லை. மேலே இருக்கிற பனிச்சரிவு எப்போது வழுக்கி இறங்கும் என்று அதற்கே தெரியாது. மூன்று லார்ச் மரங்கள் நிற்கும் முனையில் திரும்பி, காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிச் சுற்றினால் இறங்க ஒன்றரை, ஏற இரண்டு மணி நேரம். அதுவும் பனியில் கால் புதையாமல் இருக்கப் பனிமட்டை கட்டிக்கொண்டு, வாத்து மாதிரி அகட்டி அகட்டி.

இந்த இரண்டு பாதைகளையும் பார்த்துக்கொள்வதுதான் ஒனோரேயின் வேலை. முப்பத்தாறு வருஷம் செய்தார். அக்டோபரில், மண் இறுகுவதற்கு முன்னால், ஊதாப் பட்டை கட்டிய கழிகளைத் தோளில் சுமந்துபோய் காட்டுப் பாதை நெடுக நடுவார். பனி விழுந்தால் விடியும்போது முதல் ஆளாகக் கிளம்பித் தடம் போடுவார். மே மாதம் கழிகளைப் பிடுங்கி, கழுவி, கொட்டகையில் அடுக்குவார். ஜூனில் பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக உட்கார்ந்து பாறைகளில் கோடையின் அடையாளக் கோடுகளைப் புதுப்பிப்பார். ஆள் ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. என் அக்கா ரோசலின் அவரோடு இருபது வருஷம் வாழ்ந்து மார்பு நோயில் போனாள். "அவர் என்கிட்ட பேசினதெல்லாம் சேர்த்தா ஒரு தபால் அட்டைக்குக் காணாதுடீ" என்று கடைசி வரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அதைச் சொன்னால் மட்டும் முகம் மலரும். "கழி எல்லாம் சும்மா மிரேய். ஜனம் நடக்கிறது என் கால் மேலதான்" என்பார். உண்மைதான். அவர் ஒரு மரத்தை இடப்பக்கம் சுற்றினால் அந்த வாரம் முழுக்க முந்நூறு பேர் இடப்பக்கம் சுற்றுவார்கள். அவர் ஒதுங்க நின்ற இடத்தில்கூடப் பத்துப் பேர் நின்று, இங்கே என்ன காட்சி என்று சுற்றும்முற்றும் பார்ப்பார்கள். இதை நான் மேசையில் சொன்னால் விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் ஜெனெபி மதுவைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் அன்யேஸ் என்ற பெண் குடிலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். தனியாக வந்திருந்தாள், இரண்டு இரவு தங்கினாள். வரைபடத்தை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொள்கிற ஜாதி. சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தானே கழுவிவைத்தாள். எங்கள் வழக்கப்படி, கிளம்புவதற்கு முன்னால் குடில் புத்தகத்தில் பெயரும் போகிற வழியும் எழுதவேண்டும். சனிக்கிழமை காலை அவள் எழுதியது எனக்கு மனப்பாடம்: "அன்யேஸ். குளிர்காலப் பாதையில், காட்டைச் சுற்றி, ஷால்ப். அவசரமில்லை."

மதியம் வரைக்கும் அவள் ஊர் போய்ச் சேரவில்லை. மர்மோட் பள்ளத்தில் சரிவு வழுக்கி இறங்கிக் கிடந்தது. மீட்புக் குழுவுக்கு வழி காட்ட ஒனோரேதான் முதல் ஆளாக நடந்தார். மாலை நான்கு மணிக்கு அவளை எடுத்தார்கள். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகிச் சென்றார் என்று அறிக்கையில் ஒரே வரி. அத்தனை கவனமான பெண் எதற்காக முனையில் திரும்பாமல் நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அத்தான் மாறினார். அந்த வசந்தத்தில் தன் பழைய மஞ்சள் பனிமட்டைகளைக் கொண்டுவந்து என் முற்றத்தில் ரம்பத்தால் அறுத்துத் தீ வைத்தார். இடது மட்டையின் அடியில் பனியைப் பிடிக்கிற முன்பல் ஒன்று உடைந்து, செம்புக் கம்பி சுற்றியிருப்பார். அந்தக் கம்பி மட்டும் சாம்பலில் கிடந்தது. பிளாஸ்டிக் நாற்றம் மூன்று நாள் போகவில்லை. "ஏன் அத்தான், எரிக்க வேற இடமே கிடைக்கலையா? வர்றவங்க எல்லாம் நான் டயரை வறுக்கிறேன்னு நினைக்கப் போறாங்க!" என்று கத்தினேன். ஜூனில் பெயின்ட் அடிக்கப் போனவர் முனை வரைக்கும் அடித்தார், பள்ளத்துக்குக் கீழே ஊர்ப் பக்கமும் அடித்தார். நடுவில் பள்ளம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கோடையில் எல்லோரும் நடக்கும் பாதை அது! ஏன் அடிக்கவில்லை என்று ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு முனைக்குப் போய்க் கொம்பு போட்டுவிட்டு வந்தார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியிலிருந்து, லொம்பார்த் என்ற காற்று வரும். வந்தால் ஒன்றிரண்டு நாள் குடிலின் கூரையைப் பிடித்து உலுக்கும். லேசான பனியையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். மிதித்து இறுகிய பனியை மட்டும் அதனால் தூக்க முடியாது. காற்று அடங்கிப் போய்ப் பார்த்தால், பள்ளமாக இருக்க வேண்டிய காலடிகள் எல்லாம் மேடாக, ரொட்டி ரொட்டியாக, தரைக்கு மேலே எழுந்து நிற்கும். ஒரு வாரத்துக்கு முன்னால் நடந்தவன் காலடி, மேலே ஒரு முழம் பனி விழுந்து மூடின காலடி, எழுந்து நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இருந்தாலும் தனியாக இருக்கும்போது பார்த்தால் முதுகு சில்லென்றுதான் ஆகும்.

அன்யேஸ் போன நாலாவது குளிர்காலம். லொம்பார்த் அடங்கின காலையில், கழிகள் நிற்கின்றனவா என்று பார்க்க நான் முனை வரைக்கும் இறங்கினேன். அத்தான் அந்த வாரம் பித்தப்பை வலியோடு கீழே நகரத்து மருத்துவமனையில் படுத்திருந்தார். குடிலில் பத்து நாளாக ஆளே இல்லை. முனையில், அவர் போட்டுவைத்த குறுக்குக் கொம்புகளுக்குக் கீழிருந்து தொடங்கி, எழுந்து நின்ற காலடிகள் வரிசையாகப் பள்ளத்துக்குள் இறங்கிப் போயின. குனிந்து பார்த்தேன். இடது காலில் ஒரு பல் இல்லை. அதற்குப் பதில் கம்பி சுற்றின தழும்பு. மாதாவே! எரித்துச் சாம்பலான மட்டையின் தடம். பனிமட்டை கட்டிக்கொண்டு ஓட முடியாது என்று விருந்தாளிகளுக்கு நான் சொல்வதுண்டு. அன்றைக்கு நான் ஓடினேன்.

மருத்துவமனையில் அத்தானிடம் சொன்னேன். சொன்னால் சிரிப்பார், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இறங்கின தடம் மட்டுமா, ஏறினதும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இறங்கினதுதான். நின்னு எண்ணிக்கிட்டா இருந்தேன்? ஏன் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. வெறும் இறங்கினது மட்டும்தானே?"

"அதான் சொன்னேனே!"

சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு லொம்பார்த் முடிந்ததும், உடம்புக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும், விடிவதற்குள் முனைக்குப் போய்விடுவார். நான் போவதை விட்டுவிட்டேன்.

அன்யேஸின் கணவன் பெயர் தியெரி. சமவெளியில் ஒரு நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். அவள் இறந்ததிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியும் அதே தேதிக்கு வருவான். வாசற்படியில் காலை மூன்று தடவை தட்டிப் பனியை உதிர்ப்பான். உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அலமாரியிலிருந்து அவள் வந்த வருஷத்துக் குடில் புத்தகத்தை எடுத்து அவள் எழுதின வரியைப் படிப்பான். பிறகுதான் சூப்புக்கு உட்காருவான். நல்ல பையன். தட்டைத் துடைத்துத் துடைத்து ரொட்டியைத் தின்பான். அவன் வருகிற நாட்களில் அத்தான் மட்டும் குடில் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். முதுகு வலி, கழி உடைஞ்சுபோச்சு, ஏதாவது ஒரு சாக்கு. துக்கம் விசாரிக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

போன பிப்ரவரி, தியெரி வந்தபோது வெளியே லொம்பார்த் ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் குடிலில் அவனும் நானும் மட்டும் அடைபட்டுக் கிடந்தோம். இரண்டாம் நாள் மதியம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அக்கா, இனிமே நான் வரமாட்டேன்."

"ஏன், என் சூப்பு அலுத்துப்போச்சா?"

"சூப்பு இல்லக்கா. எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு. பத்து வருஷமா அந்த வரியைப் படிக்கிறேன். அவசரமில்லைன்னு எழுதியிருக்கா. காட்டைச் சுத்திப் போறேன்னு எழுதிட்டு ஏன் பள்ளத்துல இறங்கணும்? அவ வழி தப்புற ஆளே இல்ல. தெரிஞ்சேதான் போயிருக்கா."

"என்ன பேசுறே தம்பி?"

"எங்கம்மாவோட எழுபதாவது பிறந்தநாள் அந்த வாரம். வீட்டுல இருன்னேன், மலைக்குப் போறேன்னா. சண்டை. கிளம்பும்போது நான் சொன்னேன், போனாப் போ, திரும்பி வராட்டியும் நான் ஒண்ணும் தேடமாட்டேன்னு. இதான் நான் அவகிட்ட கடைசியா பேசினது. அவ அதைத்தான் எடுத்துக்கிட்டா. நான் சொன்னதை அப்படியே செஞ்சுட்டா."

ஏதாவது சொல்லி அவனைத் திட்டியாவது வாயை அடைத்திருக்க வேண்டும் நான். அவன் சொன்ன கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை. இவ்வளவு நாளும் இந்த நினைப்போடு பஸ் ஓட்டியிருக்கிறான் பாவி, பின்னால் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை காற்று அடங்கியது. பளீரென்று வெயில். அத்தான் விடியும் முன்பே முனைக்கு வந்திருப்பார் என்று தெரியும். தியெரி தூங்கிக்கொண்டிருந்தான். நான் மட்டை கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்று லார்ச் மரங்களுக்கு அடியில், கையில் இரண்டு கிளைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"அத்தான், அந்தப் பையன் என்ன சொல்றான் தெரியுமா? அவன் பொண்டாட்டி வேணும்னே போய் விழுந்துட்டாளாம். அவன் சொன்ன ஒரு வார்த்தையாலயாம். பத்து வருஷமா அதைச் சுமந்துக்கிட்டுத் திரியுறான்."

கிளைகள் கையிலிருந்து நழுவி விழுந்தன. அவருக்கு அப்படி முகம் வெளுத்து நான் பார்த்ததில்லை, அக்கா போன அன்றைக்குக்கூட.

"அப்படியா சொன்னான்?"

"அப்படியேதான்."

"வழி தப்பிப் போச்சுன்னுதான் அவன் நினைச்சிருப்பான்னு நான் இருந்துட்டேன், மிரேய். மலை எடுத்துக்கிச்சுன்னு நினைச்சிருப்பான்னு." கீழே விழுந்த கிளைகளை எடுத்து ஓரமாகப் போட்டார். "போ. அவனைக் கூட்டிக்கிட்டு வா. நீயும் வா."

தியெரி வந்தபோது மணி பத்து இருக்கும். முனையிலிருந்து காட்டுப் பக்கம் கழிகளை ஒட்டி, எழுந்து நின்ற காலடிகள் வெயிலில் நீள நிழல் போட்டு வரிசையாக நின்றன. தியெரி அப்படியே நின்றுவிட்டான். அவன் வருகிற தேதியில் இதற்கு முன் லொம்பார்த் அடித்ததில்லை, அதனால் இதைப் பார்த்ததில்லை.

"என்னது இது?"

"என் கால்" என்றார் ஒனோரே. "நாலு நாளைக்கு முன்னாடி போட்ட தடம். அதுக்கு மேல முழங்கால் வரைக்கும் பனி விழுந்துச்சு. காத்து வந்து விழுந்ததை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மிதிச்சதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு."

தியெரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது.

"தம்பி, உன் சம்சாரம் தவறின அந்த வாரம், வியாழக்கிழமை, நான் இந்த முனையில திரும்பல. நேரா பள்ளத்துல இறங்கினேன், அது வழியாவே ஏறியும் வந்தேன். அன்னைக்கு மேல சரிவு கல்லு மாதிரி இறுகி நின்னுச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல. வந்ததும் கொம்பு போட்டு அடைச்சிருக்கணும். மதியம் பனி கொட்ட ஆரம்பிச்சுது. பனியே மூடிடுதே, கொம்பு எதுக்குன்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை லொம்பார்த் வரும்னு நான் நினைக்கல. சனிக்கிழமை அவங்க வந்தப்போ, கழியெல்லாம் வெள்ளையா பனி அப்பிக்கிட்டு நின்னுச்சு. காட்டுப் பக்கம் நான் போட்ட தடத்தைக் காத்து அந்தத் தடவை தொறக்கல, பள்ளத்துல என் கால் மட்டும் எழுந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. போன தடம், வந்த தடம், ரெண்டும். இவ்வளவு நல்ல தடம் இருந்தா யாரா இருந்தாலும் அதுலதான் போவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன். மீட்புக் குழுவுக்கு முன்னால நடந்தது நான்தான். சரிவு விழுந்த இடம் வரைக்கும் என் தடத்து மேல அவங்க தடம், ஒண்ணு மேல ஒண்ணா, பிசகாம. யாரும் பாக்குறதுக்குள்ள நான் அது மேலயே நடந்து மிதிச்சு அழிச்சேன். பின்னால வந்த ஏழு பேரும் என் கால் மேலயே நடந்தாங்க."

தியெரி கையை ஓங்கினதை நான் பார்க்கவில்லை. அறை விழுந்த சத்தம்தான் கேட்டது. அத்தானின் தொப்பி பனியில் உருண்டது. அவர் குனியவும் இல்லை, நகரவும் இல்லை.

"அவ திரும்பி வரத்தான் போனாளா?" என்றான் தியெரி.

"வீட்டுக்குத்தான் தம்பி போய்க்கிட்டிருந்தாங்க."

அவன் பனியில் உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்து அழுதான், வெட்கம் இல்லாமல், ஊளையிடுவதுபோல. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது தொப்பியைத் தேடி எடுத்து, பனியைத் தட்டி, அத்தான் கையில் கொடுத்தான்.

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு அன்னைக்கு?" என்று கேட்டான்.

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவசரம் ஒண்ணும் இல்ல. சோம்பேறித்தனம்" என்றார்.

அந்த வியாழக்கிழமை என் கேஸ் அடுப்பின் ரெகுலேட்டர் உடைந்துபோயிருந்தது. நடைச் சங்கத்திலிருந்து பதினாலு பேர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வருவதாக இருந்தார்கள். தடம் போட்டுவிட்டு அப்போதுதான் மேலே வந்து, ஒரு வாய் காப்பி குடித்துக்கொண்டிருந்தார் அத்தான். தன் வீட்டில் பழைய ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்றார். மணி ஒன்பது. "எடுத்துக்கிட்டு எப்போ வருவீங்க, ஈஸ்டருக்கா?" என்று அவர் முதுகுக்குப் பின்னால் வாசலில் நின்று கத்தினேன். "காட்டைச் சுத்திக்கிட்டுக் கிடக்காம நேரா போய்ட்டு வாங்க! பதினோரு மணி தாண்டுச்சுன்னா உங்க தலையைத்தான் வேகவைப்பேன்!" பதினொன்றேகாலுக்கு ரெகுலேட்டரோடு வந்து நின்றார். மீசையெல்லாம் உறைபனி. "பாத்தீங்களா, மனசு வெச்சா நடக்குதே!" என்று சிரித்தேன். சூப் நேரத்துக்குத் தயாராகிவிட்டது.

காட்டைச் சுற்றி இறங்க ஒன்றரை, ஏற இரண்டு, ஆக மூன்றரை மணி நேரம். இரண்டேகால் மணி நேரத்தில் யாராலும் காட்டைச் சுற்றிப் போய்வர முடியாது. இருபத்தெட்டு வருஷம் இங்கே இருக்கிறவளுக்கு அந்தக் கூட்டல் தெரியாதா? அவர் எந்த வழியில் போனார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சனிக்கிழமையும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன், இருந்து இருந்து அதுவே பழகிப்போயிற்று.

அந்த முனையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு வருகிற என் வாய், அன்றைக்குப் பார்த்து, தைத்துவிட்ட மாதிரி மூடிக்கிடந்தது. மூன்று பேரும் ஏறிக் குடிலுக்கு வந்தோம். தியெரி பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தான். வழக்கு வேண்டாம், போலீஸ் வேண்டாம், இதில் எழுதிக்கொடுங்கள் என்றான். அன்யேஸின் வரிக்குக் கீழே அத்தான் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார்: "அவங்க என் தடத்தில் நடந்தாங்க. நான் அடைக்கவில்லை. ஒனோரே." பிறகு பத்து வருஷத்தில் முதல் தடவையாக, தியெரியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடித்தார். நான் பரிமாறினேன். தியெரி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காதுக்கா என்றான். நான் சரி சரி என்றேன்.

அந்த ஜூனில் அத்தான் பள்ளத்துப் பாறைகளுக்குப் பெயின்ட் அடித்தார். முனையில் கொம்பு போடுவதையும் நிறுத்தினார். ஆகஸ்ட் முழுக்க ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார் என்று ஊரில் சொன்னார்கள். அக்டோபரில் கழிகளை எல்லாம் நட்டு முடித்துவிட்டு வந்து படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுபோயிருந்தது. அவரைப் பார்த்தபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. போகிற மனுஷர் என்னையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இந்தக் குளிர்காலம் மூன்று தடவை லொம்பார்த் வந்தது. மூன்று தடவையும் காலையில் முனைக்குப் போனேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. முந்தாநாள், பள்ளத்துக்குள் இறங்கும் காலடிகள் எழுந்து நின்றன. குனிந்து பார்த்தேன். பல் உடையாத மட்டை, கம்பித் தழும்பு இல்லை. அளவில் சின்னது, என் மட்டை அளவு. நான் இந்தப் பள்ளத்தில் குளிர்காலத்தில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும். இரண்டு லார்ச் கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்குத் தியெரி வருகிற நாள். இனி வரமாட்டேன் என்றவன், துக்கத்துக்கு இல்லாமல் சும்மா பார்க்க வருகிறேன் என்று போனில் சொன்னான். காலையிலிருந்து அந்தப் பழைய புத்தகம் மேசையில் விரித்தே கிடக்கிறது. ஜன்னலில் பார்க்கிறேன், லார்ச் மரங்களைத் தாண்டி ஒரு சிவப்புக் கோட்டு, கழிகளை ஒட்டி, நிதானமாக ஏறி வருகிறது. பேனாவை எடுத்தேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, ஆனால் படிக்கலாம்: "காட்டைச் சுற்ற வேண்டாம் என்று அவரை விரட்டினது நான். அவர் எந்த வழியில் போனார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மிரேய்."

வாசற்படியில் காலைத் தட்டுகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

"அக்கா, உங்க சூப்பு வாசனை முனை வரைக்கும் வருது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்த தியெரி, கோட்டைக் கழற்றாமல், புத்தகம் இருக்கும் மேசையை நோக்கி நடக்கிறான்.